மயில்துத்தத்தில் முங்கிய கடிகாரம்

என் இடது கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச் அலுமினியத்தால் ஆனது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வாங்கித் தந்தாள். சார்ஜ் போடும் நேரம் தவிர மூன்று வருடமாக அதை நான் கழற்றியதில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் திராட்சைத் தோட்டத்தில் அது படாத பாடு பட்டிருக்கிறது. பந்தல் கம்பியில் உரசியது, கல்தூணில் இடித்தது, மோட்டார் ரூம் கதவில் ஒருமுறை நசுங்கப் பார்த்தது. முதலில் உயிரை விட்டது வார்தான், அதை மாற்றியாயிற்று. வாட்சின் உடம்பு அப்படியே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கறுப்புப் பூச்சு பெயர்ந்து பல்லை இளித்தது. அது வெறும் பெயிண்ட் இல்லை, உலோகத்தின் மேல்தோலையே கெட்டியாக்கிச் சாயம் ஏற்றியது என்று மகள் சொன்னாள். நான் அதை என் சொந்தக் கண்டுபிடிப்பு போல ஊரெல்லாம் சொன்னேன்.

என் மனைவி மட்டும் நம்பவில்லை.

“அலுமினியந்தான? நம்ம தூக்குச்சட்டி ரெண்டு தடவ கீழ விழுந்ததுக்கே நெளிஞ்சு போச்சு.”

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. போன வருடம் பந்தலுக்கடியில் மயங்கி விழுந்தேன். இதயத் துடிப்பு சில நேரம் தாறுமாறாக ஓடுகிறது, கவனமாக இருங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். வாட்ச் கையில் இருந்து, துடிப்பும் சரியாகக் காட்டினால் தனியாகத் தோட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். பகலெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

மழை விட்ட ஒரு காலையில், இலைக்கு மருந்தடிக்க, மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கிக்கொண்டிருந்தேன். மயில்துத்தம் உலோகத்தைத் தின்னும், அதனால்தான் பிளாஸ்டிக். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். அன்று கத்தி வழுக்கி டிரம்முக்குள் போய்விட்டது. யோசிக்காமல் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். கத்தி சிக்கிய பிறகுதான் வாட்ச் ஞாபகம் வந்தது.

எடுத்துப் பார்த்தால் கத்தியும் செம்பு, பூச்சு பெயர்ந்த அந்த மூலையும் செம்பு. பூச்சு இருந்த இடமெல்லாம் பழைய கறுப்புதான். ஆனால் திரையில் துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.  வாட்ச் போனால் தோட்டமும் போச்சு. குழாயடியில் கையோடு கழுவி, துண்டால் துடைத்து, வாரை இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. அதன்பிறகு சுண்ணாம்பைக் கூட்டி, மருந்தடித்து முடித்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சட்டைக் கையை இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவனை அவள் இதுவரை பார்த்ததில்லை. உடனே பிடித்துவிட்டாள்.

“இங்கன காட்டுங்க கைய. என்ன இது, துருவா?”

“துரு இல்ல, செம்பு. நல்லா ஓடுது, பாரு.”

“தப்பா ஓடுனா யாருக்குத் தெரியும்? டாக்டரு என்ன சொன்னாகன்னு மறந்து போச்சா?”

என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, உதடசைய ஒரு நிமிடம் எண்ணினாள். எழுபத்தாறு. வாட்சில் எழுபத்தேழு. அந்த ஒன்றை அவள்தான் விட்டிருப்பாள்.

“சரி, போங்க. ஆனா தெனமும் நான் எண்ணிப் பாத்துட்டுத்தான் விடுவேன்.”

ஐந்து மாதம் ஆகிறது. செம்புக் கறை அப்படியே இருக்கிறது, வாட்ச் ஒரு நாளும் பிசகவில்லை. தினமும் காலையில் அவள் என் கையைப் பிடித்து எண்ணுகிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. இந்த அலுமினியம் இன்னும் பல வருடம் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை. “இத எப்படி நம்புறது, நீயே எண்ணிரு” என்று கையை நீட்டுகிறேன்.