கவுத்துப் போடு

1. முதல் நாள்

வார்டில் அட்டெண்டராகச் சேர்ந்த முதல் நாளே, கறம்பக்குடி அக்கா ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். அவர் வீட்டுக்காரருக்கு நிமோனியா. மூக்கில் ஆக்சிஜன் போயும், ரத்தத்தில் அதன் அளவு எண்பத்தாறு என்றுதான் விரல் கிளிப் காட்டியது; தொண்ணூறாவது வேண்டும். "தனம், அவர கவுத்துப் போடு" என்றார் சிஸ்டர். வார்டில் அதற்குக் குப்புறப் படுக்கவைப்பது என்று அர்த்தம். வெளியே வேறு அர்த்தம்.

"கவுக்கத்தான் பாக்குறீங்களா? மூஞ்சிய அமுக்கிட்டா பெட்டு காலியாயிரும், அதானே?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் இதே வார்டில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2. அப்பா

அப்பா கட்டுமாவடியில் வலை இழுத்தவர். எங்கள் கடற்கரையில் ஒருவர் குப்புறக் கிடந்தால், அது கரை ஒதுங்கிய பிணம். அவருக்கும் நிமோனியா வந்து, இந்த வார்டில் அப்படிப் படுக்கவைத்ததும் எனக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. திரையை ஏன் இழுத்தார்கள்? டாக்டர் ஏன் சிஸ்டரிடம் மெதுவாகப் பேசினார்?

"நல்லாத்தான் இருக்கு, வுடு ஆத்தா" என்றார் அப்பா. எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சிஸ்டர் சாப்பிடப் போனதும் அவரை மல்லாத்தினேன். மிஷின் கத்தியது. மிஷினும் இவர்கள் ஆள்தானே என்று கிளிப்பைக் கழற்றிவிட்டேன். சிஸ்டர் வந்து திரும்ப மாட்டியபோது, தொண்ணூற்றிரண்டில் இருந்தவர் எழுபத்தெட்டில் இருந்தார்.

இரண்டாம் நாள் இறந்துபோனார். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா, நோய் முத்திருச்சு" என்றார் டாக்டர். என்னைத் தேற்றத்தான் சொன்னாரோ என்று இன்னமும் சந்தேகம்.

3. அக்கா

"என்னைய நம்பாதீங்கக்கா. என் கையையே பாத்துக்கிட்டு நில்லுங்க" என்றேன்.

நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை வைத்து அவரைத் திருப்பினேன். மூக்கு அடைபடாமல் முகத்தை அக்கா பக்கம் சாய்த்தேன். சிஸ்டர் எனக்குச் சொன்னதையே அக்காவிடம் சொன்னேன்.

"நுரையீரல் முதுகுப் பக்கந்தான் பெருசு. மல்லாக்கப் படுத்தா நெஞ்சும் வயிறும் அதுமேல ஒக்காந்துக்குது. ரத்தம் அங்கிட்டுப் போகுது, காத்து போக மாட்டேங்குது. கவுத்தா முதுகுப் பக்கம் விரியும். ரத்தம் போற எடத்துக்குக் காத்தும் போயிரும்."

எண்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றொன்று.

"மிஷின திருகிட்டியா?"

கிளிப்பைக் கழற்றி அக்கா விரலில் மாட்டினேன். தொண்ணூற்றொன்பது. மறுபடி அவர் வீட்டுக்காரருக்கு மாட்டினேன். அதே தொண்ணூற்றொன்று.

"ஏய், சண்டய நிறுத்து. மூச்சு வருது" என்றார் வீட்டுக்காரர், குப்புறக் கிடந்தபடியே.

அக்கா மூக்கைச் சிந்தினார். "டீ குடிச்சுட்டு வாரேன். நீ இங்கிட்டே நில்லு."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சண்டை போடும் சொந்தக்காரர்களைத் திட்டாதீர்கள். அவர்கள் கேட்டுவிடுகிறார்கள், பதில் சொல்லிவிடலாம். கட்டில் பக்கத்தில் ஒன்றுமே கேட்காமல் ஒருத்தி நின்றால், சாப்பிடக்கூட நகராதீர்கள்.