இரண்டாவது மைக்

டூரிங் டாக்கீஸ் ஒன்று மூடியபோது எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஆம்ப்ளிபயர். சாம்பல் நிறத் தகரப் பெட்டி. தூக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்து, சூடேறிய பிறகுதான் ஸ்பீக்கரில் இரைச்சல் எழும். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்திய எனக்கு அந்தக் காத்திருப்பு பிடித்திருந்தது.

எழுபதுகளின் கடைசியில் மகன் கிட்டார் வாங்கி வந்தான். பெட்டியின் முகப்பில் மைக் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றில் கிட்டாரைச் செருகி வாசித்துப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்கப்பா, காச்சக்காரன் மொனகறாப்பல இருக்குது."

"பேச்சு தெளிவாக் கேக்கோணும்னு செஞ்ச பெட்டி, சாமி."

"எனக்குத் தெளிவு வேண்டாங்க. சத்தம் கிழியோணும்."

"ஆட்டையாம்பட்டித் துண்டு ஒண்ணு வாங்கித் தாரேன். கிழிச்சுக்க" என்றாள் மகள். அவள் சேலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடுவாள், யாராவது கேட்டால் மட்டும் பாட மாட்டாள்.

பெட்டியைத் திறக்க நான்தான் அனுமதித்தேன். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கண்டென்சர்கள் உயிரை வைத்துக்கொண்டிருக்கும், தொட்டால் ஆளையே தூக்கி எறியும் என்று விளக்கினேன். ஒரு ரெசிஸ்டரை ஒயரில் கோத்து, அந்தச் சார்ஜை முதலில் இறக்கிக் காட்டினேன். வேலை செய்யும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றேன். மகள் ஒரு துண்டை எடுத்து அண்ணனின் இடக்கையை முதுகோடு கட்டியே விட்டாள். "களவாணி மாட்டிக்கிட்டானுங்கப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பின்னால் நின்றுகொண்டு, அவன் விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே போகும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, மொத்தத்தையும் அடக்கி வைக்கும் ஒயர் ஒன்று உள்ளே இருந்தது. அதைத் துண்டித்தோம். கிட்டாருக்குக் கொஞ்சம் முரடு வந்தது. மகனுக்குப் போதவில்லை. முன்வரிசையிலிருந்த சின்ன வால்வு ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு மாதிரி; பாதி முதல் மைக்குக்கு, பாதி இரண்டாவது மைக்குக்கு. கிட்டார் முதல் பாதியில் பெருகி வருவதை அப்படியே மறுபாதிக்குள் விட்டால், சத்தம் தாங்காமல் உடையும். அவனுக்கு வேண்டிய கிழிசல் அதுதான். வரைபடம் போட்டு அதை அவனுக்குப் புரியவைத்ததும் நானே. ஆனால் கூடாது என்றேன். அப்படிச் செய்தால் இரண்டாவது மைக் செத்துவிடும்.

"அது தங்கச்சி பாடறதுக்கு. நோம்பிக்கு அவ பாடோணும்" என்றேன்.

கையை நீட்டினேன். அவன் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். மகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

நோம்பிக்கு, அதாவது எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. காவிரிப் பாசன வயல் உள்ளவர்கள், பையன் இஞ்சினியர். எங்கள் பக்கத்தில் பெண்ணை முதலில் இப்படித்தான் பார்ப்பார்கள். நோம்பிக்கு வந்த விருந்தாளி போல வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை. பெண்ணுக்குச் சொல்லும் வழக்கமும் இல்லை. அவள் அம்மன் பாட்டு ஒன்று பாட வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். இரண்டு மாதமாக எனக்கு வேறு நினைப்பில்லை.

நோம்பிக்கு முந்தின வாரம் விடைத்தாள் திருத்த சேலம் போய்த் திரும்பினேன். பெட்டி மூடியிருந்தது, திருகாணிகள் இறுகியிருந்தன.

"ரெண்டு மைக்கும் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்கப்பா" என்றான் அவன்.

"செய்யுதுங்கப்பா" என்றாள் அவளும். "போட்டுப் பாக்க வேண்டாங்க. வால்வு பழசு, சும்மா சும்மா சூடு பண்ணக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

நான் சொல்வதுதான் அது. போட்டுப் பார்க்கவில்லை.

நோம்பி அன்று சாயங்காலம் கோயில் மேடையில் எங்கள் பெட்டி தனியாக இருந்தது. அறிவிப்புக்கு, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ரேடியோ செட்காரரின் மைக். ஜேடர்பாளையத்துக்காரர்கள் வேப்பமரத்துக்குக் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டேன். பையனின் அம்மா காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டது இன்றும் கண்ணில் இருக்கிறது. கேட்பதற்குத் தயாராகிறார் என்று நினைத்தேன்.

மகள் மைக் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. சத்தமில்லை. மகன் பெட்டியைக் குனிந்து பார்த்து, ஒரு குமிழைத் திருகினான். சத்தமில்லை. அறிவிப்பாளர் பதறிப்போய்த் தன் மைக்கை அவளிடம் நீட்டினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வாங்கிக்கொண்டாள்.

"மைக் கெட்டுப்போச்சுங்க. எங்கண்ணன் வாசிக்கட்டுமுங்க" என்றாள். ஊர் முழுக்கக் கேட்டது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மகன் கம்பியை இழுத்தான். தறிக்கூடம் மொத்தமும் ஒரே குரலில் பாட ஆரம்பித்தது போலிருந்தது. இழுத்த சுரம் அறுந்து போகாமல் நின்று அழுதது. பையன்கள் விசிலடித்தார்கள். இந்தச் சத்தம் வால்வின் ஒரு பாதியில் வராது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அங்கே யாருமில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது மைக்கின் ஒயர் வெட்டப்பட்டு, மற்ற எதிலும் படாதபடி ஓரமாக மடித்து நூலால் கட்டியிருந்தது. முல்லைச் சரம் தொடுக்கும் முடிச்சு. அதுவும் இடக்கைக்காரர் போட்டது. எங்கள் வீட்டில் இடக்கையால் பூக்கட்டுவது ஒருத்திதான்.

கூப்பிட்டேன். மறைக்கவில்லை.

"நாந்தாங்கப்பா. அண்ணன் மாட்டேன்னுதான் சொல்லுச்சு, சத்தியம் பண்ணிட்டேன்னு. நாந்தான் வெட்டி, மாத்தி வெச்சு ஈயத்துல பத்த வெச்சேன்."

"யாரு கத்துக்குடுத்தா உனக்கு?"

"நீங்கதானுங்க. நீங்க அண்ணனுக்குச் சொல்லறப்ப டார்ச்சு புடிச்சது யாரு?"

"எதுக்கு அம்மிணி?"

"ஜேடர்பாளையத்துக்காரங்க வர்றது பந்தல் போடறவருக்குத் தெரியுது, சமையக்காரருக்குத் தெரியுது. எனக்கு மட்டும் தெரியக்கூடாதுங்களா?"

"நேராச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க நேராச் சொன்னீங்களா?"

அந்தக் கேள்வி வேறு, அவள் செய்தது வேறு என்றுதான் இன்றும் சொல்வேன். நான் ஒரு வழக்கப்படி நடந்தேன். அவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்து, ஒரே வார்த்தையில் பொய் சொன்னார்கள். நான் பின்னால் நின்று காத்தது அவன் கையை; பெட்டிக்குள் போனது அவள் கை. நான் இல்லாத அன்று சார்ஜை இறக்க மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நேரம் வியர்த்துப்போகிறது.

ஜேடர்பாளையத்திலிருந்து தகவல் வரவில்லை. அவள் படிப்பை முடித்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். கலியாணப் பேச்சை நானும் எடுப்பதில்லை. எடுத்தால் என்ன பதில் வரும், எந்த வழியாக வரும் என்று தெரியாமல் பயப்படுகிறேன். மகனின் இசைக்குழுவை அந்தக் கிட்டார் சத்தத்துக்காகவே ஆட்கள் தேடி வருகிறார்கள். "பெட்டியை யாருங்க இப்படிப் பண்ணினது?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

"எம்புள்ளைங்க" என்கிறேன்.