கல்லாவில் கூடிய பணம்

வீட்டில் அவளுக்கு 'ஆடிட்டர்' என்று பெயர். கணவர் கடைக்குப் போய் வந்தால், மீதிச் சில்லறையை எண்ணி வாங்காமல் செருப்பைக்கூடக் கழற்ற விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, ஒரு பெரிய மளிகைக் கடையில் கேஷியர் வேலை கிடைத்தது. முதல் நாளே கல்லாவில் பணம் குறைந்தது. மறுநாளும் குறைந்தது.

மேனேஜர் திட்டவில்லை. புதுசில் எல்லாருக்கும் கை தடுமாறும் என்றார். ஆனால் மூன்றாவது முறையும் குறைந்தால் முதலாளிக்கு எழுதியாக வேண்டும் என்றார். இதைப் போய்க் கணவரிடம் சொல்வதா? வாயே திறக்கவில்லை.

ஆனாலும் அவர் கண்டுபிடித்துவிட்டார். அன்று பால் வாங்கி வந்து மீதியை நீட்டினார். அவள் எண்ணாமலே வாங்கி அலமாரியில் போட்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார். உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன என்று துளைத்தெடுத்து விஷயத்தைக் கறந்தார்.

மூன்றாம் நாள் அவரே கடைக்கு வந்தார். ஒரே ஒரு சோப்பை எடுத்தார். பெரிய நோட்டை நீட்டிவிட்டு, முன்பின் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சில்லறை வாங்காமல் ஓட்டமும் நடையுமாக வெளியேறினார். சோப்பையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். "சார், சார்" என்று அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். கட்டிய புருஷனை அவள் சார் என்றது அதுதான் முதல் தடவை.

மாலையில் மேனேஜர் பணத்தை எண்ணினார். மறுபடி எண்ணினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை எண்ணினார்.

"குறைஞ்சா கவனக்குறைவுன்னு எழுதலாம்மா. இவ்வளவு கூடினா நான் என்னன்னு எழுதுறது?"

அவள் தரையைப் பார்த்தபடி, அதில் ஒரு நோட்டு தன்னுடையது என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று மதியமே போட்டு வைத்தாளாம். பக்கத்துக் கவுன்ட்டர் அக்கா தொண்டையைச் செருமினாள். இவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பாவப்பட்டு அவளும் ஒன்றைச் செருகியிருந்தாள். அந்த சோப்புக்காரர் யார் என்பதும் வெளியே வந்தது.

மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தர்மப் பணத்தையெல்லாம் கழித்துப் பார்த்தால் அன்றும் குறைவுதான். எரிச்சலில் கல்லாப் பெட்டியை ஓங்கித் தள்ளினார். அது முழுதாக மூடவில்லை. வெளியே உருவிப் பார்த்தால், பின்பக்கம் மூன்று நாள் நோட்டுகளும் கசங்கிக் கிடந்தன. பெரிய நோட்டுகளை அவள் பெட்டிக்குள் இருந்த சில்லறைத் தட்டுக்கு அடியில் திணிக்கத் திணிக்க, ஒவ்வொரு முறை மூடும்போதும் அவை பின்னால் நழுவியிருக்கின்றன.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "நல்லவேளை, யாரும் திருடன் இல்ல" என்றாள். "திருடனா இருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன்மா" என்றார் மேனேஜர்.

மறுநாள் கவுன்ட்டருக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: 'மீதிச் சில்லறை வாங்காமல் யாரும் ஓடக் கூடாது.' அதைப் படித்த வாடிக்கையாளர்கள், சரியாகச் சில்லறை கொடுத்தவர்கள்கூட, எதற்கு வம்பு என்று கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.