விடுபட்டவர் ஒருவர்

இரு ஓரத்திலும் ஓட்டை போட்ட அந்தக் கணினித் தாள் என் பீரோவில் இன்னும் மடிந்து கிடக்கிறது. அதைப் பிரிக்க இன்றைக்கும் எனக்குப் பயம்தான்.

எண்பதுகளின் கடைசி. பெரம்பலூரில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் நான் புள்ளிவிவர உதவியாளர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரித் தூசியால் மூச்சிரைப்பு வருகிறதா என்று வீடு வீடாகக் கேட்டோம். ஒரு வருடம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்டோம். கேட்டு எழுதி வந்தவர் குவாரித் தெருவிலேயே குடியிருந்த சர்வே அண்ணன். படிவம் தயாரித்தவள் நான். இரைப்பு உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம். அதில் எனக்குப் பெருமை வேறு!

திருச்சிக்குப் போய்க் கணினியில் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற தொடர்பு பார்க்கும் கணக்கைப் போட்டோம். தூசிக்கும் இரைப்புக்கும் தொடர்பில்லை என்று வந்தது. "முடிஞ்சுதும்மா, அனுப்பிடு" என்றார் மேலதிகாரி. அனுப்பியிருந்தால் குவாரித் தெருவுக்கு மருத்துவ முகாம் கிடையாது. எனக்கோ மனசு ஒப்பவில்லை. எந்தத் தெருவில் எத்தனை பேரை வைத்து இந்த முடிவு வந்தது என்று எண்ணிக்கையையும் பக்கத்திலேயே அச்சடிக்க வைத்தேன். குவாரித் தெருவில் மட்டும் பதினேழு பேர் விடுபட்டிருந்தார்கள். பதில் கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளையே கணினி சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

பட்டியலோடு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். உச்சி வெயிலில் சர்வே அண்ணன் என்னைத் தெருவுக்குள் கூட்டிப் போனார். தெரு நெடுக வெள்ளைத் தூசி. அதில் எங்கள் இருவர் காலடியைத் தவிர வேறு தடமே இல்லை. பூட்டிக் கிடந்த ஒவ்வொரு கதவின் முன்னாலும் அண்ணன் நின்றார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பதிலுக்குக் காத்திருந்தார், பிறகு நகர்ந்தார். மூன்றாவது வீட்டில் நான் கேட்டேவிட்டேன்.

"எல்லாரும் எங்கண்ணே போயிட்டாங்க?"

"செத்துப் போயிட்டாங்கம்மா. இரைச்சு இரைச்சே போயிட்டாங்க. செத்தவங்களுக்கு நீங்க கட்டம் போடலீங்களே, நான் எங்க எழுதறது?"

அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அங்கேயே நின்று, படிவங்களில் இரைப்பில் இறந்தவர் என்று மூன்றாவது கட்டம் வரைந்தேன். பதினாறு பேருக்கு அவரே குறித்தார். பதினேழாவது பெயர் அவருடையது.

"நீங்கதான் உயிரோட நிக்கிறீங்களே!"

இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். "என்னுத அப்படியே வுட்டுடுங்கம்மா. எந்தக் கட்டம்னு இன்னும் தெரியல."

இரைப்பில் இறந்தவர்களையும் சேர்த்து மறுபடி ஓட்டியதும் தூசி செய்த வேலை அப்பட்டமாகத் தெரிந்தது. முகாமும் வந்தது. வரிசையில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அண்ணன் இல்லை. முந்தின வாரம்தான் அவரும் போயிருந்தார்.

இப்போதைய மென்பொருள், கேட்காமலேயே விடுபட்டவர் எண்ணிக்கையைக் காட்டிவிடுகிறது. முடிவைப் பார்க்கும் முன் அந்த வரியைத்தான் தேடுகிறேன். பீரோவில் இருப்பது இரண்டாவது முறை ஓட்டிய தாள். அதில் குவாரித் தெருவுக்கு நேரே, விடுபட்டவர் ஒருவர் என்றே இருக்கிறது. எந்தக் கட்டம் என்று தெரிந்த பிறகும் அதை நிரப்ப எனக்குக் கை வரவில்லை.