பஸ்ஸை மறித்த பெனிதா

பொலிவிய மேட்டுநிலத்துச் சுரங்க நகரம் ஒன்றில், சந்தை வாசலில் ஊதாச் சோளக்கஞ்சி விற்றாள் பெனிதா கொண்டோரி. இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி கிடையாது. வாய்க்கு மட்டும் இரண்டு ஆள் பலம். சக்கர நாற்காலியைக் கண்டால் அந்த ஊர் பஸ்காரர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். அதனால் கஞ்சிப் பானையை மடியில் கட்டிக்கொண்டு, உறைபனியில் வீட்டிலிருந்து கையாலேயே உருட்டி வருவாள்.

அவளை மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் சேர்த்தவர் இலாரியோன். தகரச் சுரங்கத்தில் வெடி முந்திக்கொண்டதில் இரண்டு கண்ணையும் இழந்தவர்.

"இரக்கம் கேட்டு வந்திருந்தா வேற இடம் பாத்துக்க. இங்க சண்டை போடத்தான் ஆள் எடுக்கிறோம்" என்றார் முதல் நாளே. பெனிதாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அங்கே குளிர்காலமான ஆகஸ்டில் ஒரு காலை, சந்தைக்கு எதிரே நின்ற பஸ்ஸில் அவர் ஏறினார். டிரைவர் தெமெத்ரியோ கத்தியது பெனிதாவுக்கே கேட்டது.

"குருட்டுப் பயலே, எறங்குடா! பின்னாடி வர்றவன் என்னை முந்திருவான்."

"ஏன், இது உன் மாமனார் வண்டியா?"

தெமெத்ரியோ எழுந்து வந்து அவர் நெஞ்சில் உதைத்தான். படியிலிருந்து மல்லாக்க விழுந்தவர் எழுவதற்குள் வண்டி கிளம்பியது. பின்சக்கரம் அவர்மேல் ஏறி இறங்கியது. பெனிதா நாற்காலியிலிருந்து சரிந்து, ரோட்டில் தவழ்ந்து போனாள். அவள் கைகளிலேயே அவர் உயிர் பிரிந்தது.

"விபத்து" என்றது போலீஸ். "கண்ணு தெரியாத ஆளு, தானா விழுந்துட்டாரு."

அடக்கம் முடிந்த மறுநாள், சந்தைக்குப் பின்னால் இருந்த பஸ் டிப்போ வாசலில் சங்கத்தார் நாற்காலிகளைச் சங்கிலியால் பிணைத்துச் சாலையை அடைத்தார்கள். நடுவில் பெனிதா. டிரைவர்கள் இரும்புக் குழாய்களோடு பாய்ந்தார்கள். ஊன்றுகோல்கள் பதில் சொல்லின. காது கேளாத தையற்காரி ஒருத்தியின் மண்டை பிளந்தது. ஒரு டிரைவருக்குப் பல் தெறித்தது. பிறகு போலீஸ் வந்து தண்ணீரைப் பீய்ச்சியது. அந்தக் குளிரில் அது உடம்பில் கத்தியாக இறங்கியது. நாற்காலிகள் சங்கிலியோடு சரிந்தன. கீழே கிடந்த பெனிதாவின் வலது முழங்கையை ஒரு போலீஸ் பூட்ஸ் மிதித்து நொறுக்கியது. மிதித்தவனின் காலை மறு கையால் வளைத்துக் கெண்டைச் சதையில் பல்லைப் பதித்தாள்.

"விடுடி, பேயே!"

தலையில் லத்தி விழ விழ அவள் விடவில்லை. வாயில் நிறைந்த ரத்தம் யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

சந்தைப் பெண்கள் அதுவரை வேடிக்கைதான் பார்த்தார்கள். ஆட்டுத்தலைக் குழம்பு விற்கும் பகுந்தா, நாற்காலி வழியை அடைக்கிறதென்று தினமும் பெனிதாவோடு மல்லுக்கு நிற்பவள், கொதிக்கும் சட்டியோடு ஓடி வந்தாள்.

"அவள நான்தான்டா திட்டுவேன்! அடிக்க நீ யாருடா?"

சட்டி அவன் முதுகில் கவிழ்ந்தது. அப்புறம் கல்மழை. மாலைக்குள் டிப்போவில் முழுசாக ஒரு கண்ணாடி மிச்சமில்லை.

அதன்பிறகுதான் சாட்சிகளுக்கு நாக்கு முளைத்தது. தெமெத்ரியோ சிறைக்குப் போனான். மாற்றுத்திறனாளிகளை ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று நகரசபை உத்தரவிட்டது. நாற்காலியை உருட்டி ஏற்ற வண்டிகளுக்குச் சாய்பலகை வந்தது. பெனிதாவின் வலக்கை மட்டும் அதற்குப் பிறகு நீளவேயில்லை.

சில வருடம் கழித்து, மழையில் அவள் கைகாட்டிய பஸ் நின்றது. ஓட்டுநர் இருக்கையில், சிறையிலிருந்து திரும்பி நரைத்துப்போன தெமெத்ரியோ.

"பலகையப் போடு."

இறங்கி வந்து போட்டான். நாற்காலியைத் தள்ளக் கை நீட்டினான்.

"தொட்டே, ஒடிச்சிருவேன்."

ஒற்றைக் கையால் அவள் ஏறி முடிக்கும்வரை அவன் நனைந்தபடி நின்றான்.

சந்தையில் இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். மறுநாளும் அதே வண்டியில்தான் வந்தாள்.