கேட்டால் தரப்படும்

சம்மாந்துறை வயல்மண்ணின் உப்பைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் அடியில், ‘தரவுகள் கேட்டால் தரப்படும்’ என்றிருந்தது. அதை நம்பி மின்னஞ்சலில் கேட்டேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பேராசிரியரின் நண்பரான என் மாமனார் பிடித்துக்கொண்டார்.

“அவருக்கிட்ட என்னமோ தரவு கேட்டீங்களாமே, மகன்? ‘என்னில நம்பிக்கை இல்லையா’ எண்டு மனிசன் நம்மட ஊட்டுக்கு வந்து கவலைப்படுறார்.”

“கேட்டாத் தருவன் எண்டு அவர்தானே எழுதியிருக்கார், மாமா?”

“அது சஞ்சிகைக்காரன் எழுதச் சொன்னதாம். அதுக்காகக் கேக்கிறதா?”

ஒரு வரி பதில் எழுத நேரமில்லாதவருக்கு, மாமனார் வீட்டில் தேநீர் குடித்துப் புலம்ப நேரம் இருந்திருக்கிறது. போன வாரம் எங்கள் பல்கலைக்கழக மண்டபத்தில், தரவுகளை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ‘திறந்த விஞ்ஞானம்’ பற்றி ஒரு மணிநேரம் முழங்கினார். முடிவில் சபையோரின் கேள்விக்கு மட்டும் நேரமில்லையாம்.