ஏறின மூன்று கிலோ

மாங்காய் எடை போடும் மிஷினில் ஏறி நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் மண்டிக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே, காலை ஆறு மணிக்கெல்லாம் என் வீட்டுக்காரர் என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் அந்த மண்டியில்தான் அவருக்கு எடை பிடிக்கிற வேலை. எண்ணைப் பார்த்துக் காதருகே வந்து மெதுவாகச் சொல்லுவார். ஒருநாள் மட்டும் மாங்காய்க்குச் சொல்கிற மாதிரி, "பெங்களூரா ஒரு கூடை, நாப்பத்தாறு. காம்புக்கு அரை கிலோ கழிச்சிக்கிறேம்மே" என்றார். நான் சிரித்ததில் எண் நிற்காமல் ஆடியது.

ஊரெல்லாம் கொரோனாவுக்காக அடைத்திருந்த சமயம் அது. மாங்காய் காத்திருக்காது என்பதால் மண்டியை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

அதற்கு முந்தின வருஷம் என் இடது மார்பில் கட்டி வந்து, திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். கீமோ முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்றார்கள். கட்டி திரும்பி வராமல் அந்த ஊசி காக்கும். ஆனால் சிலருக்கு அது இருதயத்தைத் தளர்த்திவிடும். அதற்காக அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு எக்கோ எடுக்க வேண்டிய மாதத்தில்தான் எல்லாம் அடைத்துவிட்டார்கள். ஊசி மட்டும் நிற்கவில்லை. எக்கோவைத் தள்ளி வைத்து, இருதயப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸம்மா திங்கட்கிழமைதோறும் போன் செய்வார் என்று ஏற்பாடு செய்தார்கள்.

அந்த அம்மா தெலுங்கில் நாலு கேள்வி கேட்பார். எடை எவ்வளவு, கால் வீங்குகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறேன், மூச்சு வாங்குகிறதா. எடையைத் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எட்டாவது வரை படித்தவள் நான். ஆஸ்பத்திரியில் யார் எது சொன்னாலும் தலையாட்டிப் பழக்கம். கான்சர் வந்தவர்கள் இளைத்துப்போவார்கள், அதற்குத்தான் எடை பார்க்கிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மூச்சு வாங்கத்தான் செய்தது. ஒரு குடம் தண்ணீரை வாசலிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுபோவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பேன். தலையணைக்கு மேல் பழைய புடவைகளை மடித்து வைத்தால்தான் தூக்கம் வந்தது. ஆனால் நர்ஸம்மாவிடம் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். பக்கத்துத் தெருவில் இருமின ஒருவரை வண்டி வைத்துக் கூட்டிப்போய் அந்தத் தெருவையும் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். அந்தப் பயம் ஒன்று. மூச்சு வாங்குகிறது என்றால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

இப்படி இருக்கும்போது, ஐந்து நாளில் என் எடை மூன்று கிலோ ஏறியது. என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாத்தனார் முட்டை அவித்துக் கொண்டுவந்து, முகத்தில் களை வந்துவிட்டது என்றாள். மகன் சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் போய்ச் சம்பாதித்த பிறகுதான் எங்களுக்கென்று ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு வந்தது. ஊர் திரும்ப முடியாமல் ஒரே அறையில் ஏழு பேரோடு கிடந்தவன் போன் செய்தான். "மா, ஈரோயின் மாதிரி ஆயிட்டியாமே? நைனா சொல்லிக்கினு கீறாரு."

அந்தத் திங்கட்கிழமை, நர்ஸம்மா கேட்பதற்கு முன்பே எடையைச் சொன்னேன். போன வாரம் எவ்வளவு என்று கேட்டார். பிறகு, "காலு நொக்கி சூடம்மா" என்று காலை அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அது சதை இல்லை, தண்ணீர் என்றார் அவர். இருதயம் சரியாக அடிக்காததால் தண்ணீர் சேர்ந்துவிட்டதாம். மூச்சைப் பற்றி மறுபடி கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். உடனே புறப்பட்டு வரச் சொன்னார்.

பஸ் இல்லை. மாங்காய் ஏற்றிப்போகும் மினி லாரிக்குப் பாஸ் இருந்ததால் டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போனோம். ஆஸ்பத்திரி வாசலில் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் காவலாளி கொரோனா வரிசையைக் கைகாட்டினார். வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டார்கள். எனக்காகப் பேச யாரும் இல்லை. நான் கான்சர்காரி, இருதயத்துக்காக வரச்சொன்னார்கள் என்று தெலுங்கில் சொன்னேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம், வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, தனி அறையில் உட்கார வைத்தார்கள். கொரோனா இல்லை என்று தெரிந்ததும் எக்கோ எடுத்தார்கள்.

இருதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறது, ஊசி இப்போது வேண்டாம் என்றார் டாக்டரம்மா. சித்தூர்க்காரர், தமிழ் பேசினார்.

"நிறுத்திட்டா கட்டி திரும்பி வந்துடாதா மேடம்?" என்றேன். ஒரு டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"நிறுத்தலம்மா, தள்ளி வைக்கிறோம். இருதயம் தேறிச்சின்னா மறுபடி போடலாம். தேறாதுன்னு நான் சொல்லலியே."

நாலு நாள் உள்ளே வைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, இருதயத்துக்கு மாத்திரைகள் எழுதி அனுப்பினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். தனக்கென்று தனியாக ஒரு குழம்பு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "டாக்டரு உனக்குத்தானே சொன்னாங்க, எனக்கும் சேத்தா சொன்னாங்க" என்று முனகிக்கொண்டே வீட்டுக்காரரும் அதையே தின்றார். எடை குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். நாத்தனாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை, நான் இளைக்கிறேன் என்று முட்டையோடு வந்துகொண்டே இருந்தாள். குடத்தை எங்கும் நிற்காமல் அடுப்படிவரை கொண்டுபோன அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி எக்கோ. டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பம்பிங் அம்பதத் தாண்டிடுச்சி. ஊசி ஆரம்பிக்கலாம். அடுத்த வாரம் வாங்க."

"இன்னிக்கே போடக்கூடாதா மேடம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஊசிக்கு இப்படி அவசரப்படுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, கான்சர் வார்டுக்குப் போன் செய்தார். வண்டி கிடைக்காமல் யாரோ வராததால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினேன்.

வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வேப்பமரத்தடியில் நின்றிருந்த வீட்டுக்காரர் என் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்து, ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டார். ஊசி போட்டாயிற்று என்றேன். முகத்தை மூடியிருந்த துண்டைக் கீழே இறக்கினார்.

"இன்னொரு தபா சொல்லுமே" என்றார்.

சொன்னேன்.